நானூறு கிராம்

"இண்டைக்கும் உப்பில்லையா, பிள்ளை?"

புஷ்பவதி கஞ்சிப் பீங்கானை ஒரு விரலால் அப்பால் தள்ளினாள். கேட்டதில் கோபம் இல்லை. பதில் தெரிந்த கேள்விதான்.

"டொக்டர் சொன்னதுதானே, மாமி. கால் வீக்கம் இப்பதான் வத்திக்கொண்டு வருது. தேசிக்காய் பிழிஞ்சு விட்டிருக்கிறன்... ரெண்டு கரண்டியாவது குடியுங்கோ."

"தொண்டைக்குள்ள இறங்குதில்ல."

எனக்கு மட்டும் எல்லாம் இறங்கினதா என்று கோணேஸ்வரிக்கு வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, மரக்கறித் தோலை அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். படலைக்கு வெளியே, டவுனுக்குள் திரியும் மான்கள் இரண்டு வழக்கம்போலக் காத்து நின்றன. தோலைக் கொட்டினாள். கொடியில் மகள் கைகளில் சுற்றிக் கட்டும் துணிப்பட்டிகள் நீள நீளமாய்த் தொங்கின. விடியமுன் தோய்த்தவை. துறைமுகப் பக்கமிருந்து வரும் காற்றில் அவை காய அதிக நேரம் எடுக்காது. கலியாணம் கட்டி வந்த நாள் தொடங்கி ஐந்து வருடம் கணவனின் பட்டிகளைத் தோய்த்தாள். இப்போது எட்டு வருடமாக மகளுடையவை. குத்துச்சண்டை என்றால் அவளுக்கு அந்தத் துணிகளின் வியர்வை மணம்தான். ஒரு சண்டையையாவது அவள் கிட்ட நின்று பார்த்ததில்லை.

முன்னறையில் கணவன் தவரூபனின் குரல் கேட்டது.

"ரெண்டு சோடி உடுப்பும் சப்பாத்தும் போதும், சுதா. மிச்சமெல்லாம் சல்லி ஊரில என்ட தங்கச்சி வீட்டில இருக்கு."

"நான் இஞ்சயே இருக்கிறனே, அப்பா."

"ஏலாது. நிறை பாக்கிற நாள் வரைக்கும் நீ சல்லியிலதான். மாமி சமைச்சுத் தருவா. காலமையும் பின்னேரமும் நௌபர் தராசு கொண்டு வருவான். எட்டு நாளில ஒரு கிலோவும் முந்நூறும் இறக்க வேணும். விளையாட்டில்ல."

"அதை அம்மா சமைச்சால் இறக்க ஏலாதா?"

பையின் சிப்பை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"இந்தக் குசினியில இருந்து ஒரு வாயும் நீ வைக்கக் கூடாது. ஒருக்கால் பட்டது போதும்."

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் கதவில்லாத ஒரு வாசல்தான். கோணேஸ்வரி அடுப்புக் கல்லில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். புஷ்பவதி கதிரையில் இருந்தபடி அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வருடமாக அவன் அவளைத்தான் விலக்கி வைத்திருந்தான். அது பழகிப் போய்விட்டது. இன்றைக்கு மகளிடமும் சொல்லிவிட்டான், அம்மாவின் கைச் சோறு ஆகாது என்று. பத்தொன்பது வயதுப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் குந்தப் போகிறாள். இதுவும் பழகிவிடுமா...

தவரூபன் யார் என்று இந்தத் துறைமுகத்துப் பக்கத்தில் நாற்பது வயது தாண்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சல்லியில் பிறந்தவன். ஆறு வயதில் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. புஷ்பவதி மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் சந்தைக்கு நடந்து நடந்து அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தாள். பதினேழு வயதில் சந்தையில் தாயின் கூடையை உதைத்த ஒருவனை அவன் ஒரே குத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருத்தினான் என்பது கதை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான் குத்துச்சண்டை பழக்கும் நௌபர்.

"தம்பி, அந்தக் கையைச் சும்மா வைச்சிராத. எங்கட கிளப்புக்கு வா."

"கிளப்பில என்ன தருவீங்கள்?"

"அடிதான் தருவம். வேறென்ன."

துறைமுக வீதியில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றுக்குள் கிளப் இருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை, நிலத்தில் ரிங்குக்குப் பதிலாகச் சணல் சாக்கு. அங்கேயிருந்து போய் மாவட்டச் சம்பியன், மாகாணச் சம்பியன். பிறகு கொழும்பில் அறுபது கிலோவுக்குள் தேசிய சம்பியன்... ஒரு முறையல்ல, தொடர்ந்து மூன்று வருடம். வலது கையை அவன் கடைசிவரை எடுக்கமாட்டான். இடதாலேயே தட்டித் தட்டி எதிராளியைக் களைக்க வைப்பான். "ரூபன் அடிக்கிறதில்ல, காக்க வைக்கிறான்" என்று நௌபர் சொல்லுவான். அந்தக் கைக்காகவே துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கப்பல் வந்தால் கயிறு வாங்கிக் கட்டுகிற வேலை.

கோணேஸ்வரியைக் கட்டிய பிறகு அவனுடைய சாப்பாடு முழுவதும் அவள் பொறுப்பு. நிறை இறக்கும் நாட்களில் அவனுக்கென்று தனிச் சட்டி. அவித்த பாரை மீன், ஒரு கைப்பிடிச் சோறு, வெள்ளரிக்காய். கடைசி மூன்று நாளும் உப்பு இல்லவே இல்லை. தண்ணீரும் அளவாகத்தான். நௌபர் சொல்லித் தந்ததை அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு செய்தாள். மூன்று வருடமும் அவள் சமைத்த சாப்பாட்டில்தான் அவன் தராசில் ஏறிச் சரியாக இறங்கினான். அதை மட்டும் பிறகு ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நாலாம் வருடம் அது வெறும் தேசியப் போட்டியாக இருக்கவில்லை. வென்றவனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கதை. அவனுக்கு முப்பது வயது. இனியொரு முறை வராது என்று எல்லோருக்கும் தெரியும். சண்டைக்கு முன்பு, காலையில் நிறை பார்த்தார்கள்.

அறுபது கிலோவும் நானூறு கிராமும்.

கூடினதை இறக்க அரை மணித்தியாலம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினான். தலைமயிரை வழித்தான். ஒரு தகர ரின்னுக்குள் துப்பித் துப்பி வாய் காய்ந்தது. திரும்ப ஏறினால் அறுபது கிலோவும் நூற்றைம்பது கிராமும். கையுறையைப் போடவிடாமலே அவனைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் ரிங்கில் ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்தான். வழியனுப்பிய சனம் முழுக்க வாசலில் நின்றது. பையை முற்றத்தில் போட்டான்.

"என்னத்தைப் போட்டுச் சமைச்சனீ?"

கோணேஸ்வரி நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு. நீதானே சமைச்சனீ? வேற ஆரும் சட்டியைத் தொட்டதா? நானூறு கிராம்... என்ட வாழ்க்கை முழுக்க அந்த நானூறு கிராமுக்குள்ள போயிட்டுது. நீதானே சமைச்சனீ?"

அவன் உப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதை அவள் அப்போதே கவனித்தாள். அவனுக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு புஷ்பவதி நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது.

கோணேஸ்வரிக்கு விளங்கியிருந்தது. முந்தின நாள் மாமியின் சீலை தோய்க்கும்போது, தலைப்பு முடிச்சை அவிழ்த்ததும் கல்லுப்பு கையில் கொட்டியது. மூன்று நாளும் மாமி ஏன் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தாள் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவன் வந்தவுடன் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நின்றாள். அவன் வந்தான், அவன் முகத்தைப் பார்த்தாள். கூடை சுமந்து வளர்த்த தாய்தான் இதைச் செய்தாள் என்று இந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது?

"நீதானே?"

"ஓம்," என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வழமை வந்தது. சமைப்பது அவள், பீங்கானில் போட்டுக் கொடுப்பது புஷ்பவதி. தாய்க்கு ஏலாத நாட்களில் அவன் துறைமுகக் கன்டீனில் சாப்பிட்டான். அடித்ததில்லை, ஏசியதில்லை. அவளுடைய கையிலிருந்து ஒரு பருக்கை வாங்கவில்லை, அவ்வளவுதான். தங்கையின் கலியாண வீட்டில் அவள் பரிமாற வந்தபோது பந்தியில் இருந்து எழும்பிப் போனான். பிறகு ஊருக்கும் தெரிந்துவிட்டது. "சம்பியனைக் கெடுத்தவள்" என்று சந்தையில் அவளுக்குப் பின்னால் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அவர்களும் களைத்துவிட்டார்கள்.

புஷ்பவதியும் சொன்னாள். அதுதான் எல்லாவற்றிலும் கனம். "நீ கொஞ்சம் கவனமா இருந்திருந்தால்..." என்று எத்தனை தரம். தான் செய்ததுதான் மகனைக் கெடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை உப்புக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம்? கோணேஸ்வரி கேட்டுக்கொண்டு மாமிக்குக் கால் பிடித்துவிட்டாள்.

போன மாதம் அந்தக் கால்கள் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உப்பை முற்றாக விடவேண்டும் என்றார்கள். பத்து நாள் கழித்துக் கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸி நிறை பார்த்தாள்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு, அம்மா. நல்லம்."

"நான் நல்லாத்தானே சாப்பிடுறன். எப்படிக் குறைஞ்சது?"

"அது கொழுப்பில்ல, தண்ணி. உப்புத் தின்டால் உடம்பு தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். உப்பை விட்டால் தண்ணி போயிடும், நிறை இறங்கும்."

புஷ்பவதி தராசை விட்டு இறங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியும் இறங்கவில்லை. "மாமி, வாங்கோ" என்று கோணேஸ்வரி கையைப் பிடித்து இறக்கினாள். அன்றையிலிருந்து கஞ்சி அவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. நௌபர் ஒரு தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. இப்போதும் அவன்தான் கிளப்பை நடத்துகிறான்.

"என்ன தங்கச்சி, தேத்தண்ணி கிடைக்குமா? சீனி போடாத. உன்ட புருசனுக்குப் பயத்தில நானும் நிறை பாத்துக்கொண்டு திரியிறன்."

"இருங்கோ நௌபர் நானா, போடுறன்."

"சுதா, ஏறு பாப்பம்."

சுதர்ஷினி தராசில் ஏறினாள். நாற்பத்தொன்பது கிலோவும் முந்நூறும்.

"இறக்கலாம். உன்ட வாப்பா ஒருக்கால் நாலு நாளில ரெண்டு கிலோ இறக்கினவன்."

"அப்பாக்கு அப்ப ஆர் சமைச்சது, மாமா?"

நௌபர் தாடியைத் தடவினான். குசினிப் பக்கம் பார்த்தான். "உன்ட அம்மாதான்," என்றான்.

"அப்ப நான் ஏன் சல்லிக்குப் போகவேணும்?"

"சுதா," என்றான் தவரூபன். "காணும். பையை எடு."

"நான் போகமாட்டன். அம்மாவைப் பாருங்கோ, அப்பா. பதினைஞ்சு வருசம் உங்கட எச்சில் பீங்கானைக் கழுவுறா. அதில ஒருக்கால் போட்டுத் தர விட்டனீங்களா? நானும் உங்களை மாதிரி இருக்கவேணுமா?"

"உனக்குத் தெரியாது. அண்டைக்கு நான் அந்தப் படிக்கட்டில ஏறி இறங்கினது உனக்குத் தெரியாது. உன்னையும் அப்படித் திருப்பி அனுப்பினால் நான் தாங்கமாட்டன். அதுக்குத்தான் சொல்லுறன்... உன்ட அம்மாட கை சரியில்ல."

கோணேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "போ, மகள்," என்றாள். "அப்பா சொல்லுற மாதிரிச் செய். சண்டைக்குப் போற நேரம் மனசைக் குழப்பாத."

"அவட கையில்ல, தம்பி."

எல்லோரும் திரும்பினார்கள். புஷ்பவதி சுவரைப் பிடித்துக்கொண்டு குசினியிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்திருந்தாள். நடக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"மாமி, இருங்கோ..."

"விடு, பிள்ளை. அந்தச் சட்டிக்கு உப்புப் போட்டது நான். இவள் கிணத்தடிக்குப் போற நேரம் பாத்துப் பாத்துப் போட்டனான். சோத்துக்கும் போட்டனான், மீனுக்கும் போட்டனான்... பஸ்ஸுக்குக் கட்டின பார்சலையும் பிரிச்சுப் போட்டனான். மூண்டு நாள்."

தவரூபன் பையின் பட்டியைப் பிடித்தபடி நின்றான்.

"ஏன், அம்மா?"

"ஏனெண்டு கேக்கிறியா? உன்ட அப்பாக்கு உப்பில்லாமல் சோறு அவிச்சு வைச்ச கை இது. உடம்பும் கிடைக்கேல்ல. கடற்கரையில வாழையிலையில வைச்சுப்போட்டு, காகம் வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நீ என்ட சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. உனக்கு ஆறு வயசு. உப்பில்லாத சோறு செத்தவைக்கு வைக்கிறது, தம்பி. அதை இவள் உயிரோட இருக்கிற உனக்கு முன்னால வைக்க வைக்க எனக்கு நெஞ்சு பதறினது. ஒருக்கால் சொன்னனான், 'என்ன பிள்ளை, கொஞ்சம் போடன்' எண்டு. 'வேண்டாம் மாமி, நௌபர் நானா சொன்னவர்' எண்டாள். பிறகு நான் கேக்கேல்ல. போட்டனான்."

"அம்மா..."

"உப்புக்குப் பாரம் இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? போன மாசம் ஆஸ்பத்திரித் தராசில நிக்கேக்குள்ளதான் தெரியும். ஒரு மாசமாச் சொல்லவேணும், சொல்லவேணும் எண்டு... பயமாக் கிடந்தது. நீ என்னையும் அவளைப் போல வைச்சிருவாயெண்டு பயம்." மருமகளின் பக்கம் திரும்பினாள். "உன்னை நான் என்னென்ன சொன்னனான், பிள்ளை. நீயும் செய்யாத குற்றத்தை எனக்கு முன்னாலயே சுமந்துகொண்டு..."

"எனக்குத் தெரியும், மாமி," என்றாள் கோணேஸ்வரி.

"என்ன தெரியும்?"

"நீங்கள் போட்டதெண்டு. உங்கட சீலையைத் தோய்ச்சது நான்தானே. முடிச்சுக்குள்ள மிச்சம் கிடந்தது."

புஷ்பவதியின் வாய் திறந்தபடி நின்றது. "எப்ப?"

"இவர் கொழும்பில நிறை பாத்த அண்டைக்கே."

"அண்டைக்கே... ஏன்டி பாவி சொல்லேல்ல? பதினைஞ்சு வருசம்... என்ட வாயால அவ்வளவும் கேட்டுக்கொண்டு..."

"என்னெண்டு சொல்லுறது, மாமி? நானூறு கிராமால எல்லாத்தையும் இழந்து வந்து நிக்கிற மனிசனிட்ட, பெத்த தாயையும் இழந்திட்டுப் போ எண்டு சொல்லவா? என்னை விட்டால் அவர் தாங்குவார். உங்களை விட்டால் தாங்கமாட்டார். அப்ப அப்படித்தான் நினைச்சனான்." அவள் கதிரையை இழுத்து மாமியை இருத்தினாள். "இருங்கோ. கால் திரும்ப வீங்கப் போகுது."

சுதர்ஷினி அழுதுகொண்டு நின்றாள். தவரூபன் இரண்டு அடி முன்னால் வந்தான். "கோணேஸ்..." என்றான். நெடுநாளைக்குப் பிறகு அவன் அந்தப் பெயரைச் சொன்னான்.

"ஒரு நிமிசம்," என்றாள் அவள். "நான் ஒண்டு கேக்கவேணும். பதினைஞ்சு வருசமாக் கேக்காமல் வைச்சிருக்கிறன். உப்புப் போட்டது மாமி. சாப்பிட்டது ஆர்?"

அவன் பையைக் கீழே வைத்தான்.

"மூண்டு வருசம் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டனீங்கள். உப்பில்லாட்டி எப்படி இருக்குமெண்டு உங்கட நாக்குக்குத் தெரியும். மூண்டு நாள், ஒரு பார்சல்... தெரியேல்லையா? அண்டைக்கு முத்தத்தில நிண்டு எல்லாம் கேட்டனீங்கள், உப்பெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்ல. ஏன்?"

வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நௌபர் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் வைத்திருந்தான்.

"அண்டைக்கு பஸ்ஸில பார்சலை விரிச்சான்," என்றான் மெதுவாக. "ஒரு வாய் தா எண்டு கேட்டனான். தரேல்ல. மற்ற நேரமெண்டால் அந்தச் சாப்பாட்டை என்ட தலையில கட்டப் பாப்பான். அண்டைக்குக் கடதாசியையும் நக்கினான். நான் அப்ப யோசிக்கேல்ல."

தவரூபன் நிலத்தில் இருந்தான். கதிரை பக்கத்திலேயே கிடந்தது. அவன் நிலத்தில்தான் இருந்தான்.

"முதல் வாயிலயே தெரிஞ்சது," என்றான். "நீ பாவம் பாத்துப் போட்டிருக்கிறாயெண்டு நினைச்சன். வேண்டாமெண்டு தள்ளியிருக்கலாம். ஏலேல்ல. அவ்வளவு பசி. ஒரு மாசப் பசி... கொஞ்சம்தானே, ஓடி இறக்கலாமெண்டு நினைச்சன். இறங்கேல்ல. தராசில நிண்ட நேரம் என்ட நாக்குத்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வர, வாசல் முழுக்கச் சனம். என்ட வாயால என்னைச் சொல்ல ஏலாமப் போச்சு." தலையை நிமிர்த்தவில்லை. "நீ ஓமெண்டு சொன்னாய். நான் பிடிச்சுக்கொண்டன்."

சுதர்ஷினி ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். கோணேஸ்வரி மகளின் தலையைத் தடவினாள். அவளுடைய கண் அவனிலேயே இருந்தது. அதில் கோபத்தைத் தேடினான் அவன். கோபம் இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அந்தக் கண்கள் களைத்துப் போயிருந்தன.

"சுதா சல்லிக்குப் போகவேண்டாம்," என்றான். "நீயே சமை."

"சமைக்கிறன். என்ட பிள்ளைக்குச் சமைக்க எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்ல."

"எனக்கு...?"

புஷ்பவதி இடையில் புகுந்தாள். "இனி என்ட கையால உனக்கு ஒரு பருக்கை கிடையாது. வேணுமெண்டால் அவளிட்டக் கேட்டு வாங்கிச் சாப்பிடு."

"கேட்டால் போடுவன்," என்றாள் கோணேஸ்வரி. "கேக்காமல் இனி நான் ஒண்டும் செய்யமாட்டன். களைச்சுப்போனன்." நௌபரின் ஆறிப்போன கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். "நானாக்கு வேற தேத்தண்ணி போடுறன்."

அலுமாரியின் அடித்தட்டில், பழைய சீலைகளுக்குக் கீழே அந்தக் கொப்பி இருந்தது. பூச்சி அரித்த தாள்கள். எட்டு நாளும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தாள். பாரை மீன், வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடிச் சோறு. கடைசி மூன்று நாளும் மகளுக்கும் மாமிக்கும் ஒரே சட்டி. தனக்கென்று வேறு சமைக்க அலுப்பாக இருந்தது. தானும் அதையே சாப்பிட்டாள். புஷ்பவதி ஒருநாளும் பீங்கானைத் தள்ளவில்லை. கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் "பிள்ளை, என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றாள். சட்டியோடு தனியாக இருக்க அவளுக்குப் பயம்.

தவரூபன் எட்டு நாளும் கன்டீனில் சாப்பிட்டான். இரண்டு முறை குசினி வாசல்வரை வந்தான். ஒருமுறை நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சோறு கேட்க வாய் வரவில்லை. "தண்ணி," என்றான். அவள் செம்பைக் காட்டினாள். அவனே வார்த்துக் குடித்துவிட்டுப் போனான்.

எட்டாம் நாள் மத்தியானம் தவரூபனும் சுதர்ஷினியும் நௌபரும் கொழும்பு பஸ் ஏறினார்கள். கோணேஸ்வரி பார்சலைக் கட்டி மகளின் மடியில் வைத்தாள். ஒருவருக்கான பார்சல்தான். அவனுக்கென்று எதுவும் அவள் கட்டவில்லை, அவனும் கேட்கவில்லை. பஸ் வெளிக்கிடும்போது யன்னலுக்குள்ளால் அவன் அவளைப் பார்த்தான். அவள் மகளுக்குக் கை காட்டினாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு போன் அடித்தது. புஷ்பவதி கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் ஐந்து மணிக்கு ஏற்றிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கோணேஸ்."

"சொல்லுங்கோ."

"நாப்பத்தேழும் தொளாயிரமும்."

அவள் சுவரில் சாய்ந்தாள். நாற்பத்தெட்டுக்கு நூறு கிராம் உள்ளுக்குத்தான். கண்ணை மூடினாள். அந்தப் பக்கத்தில் மண்டபத்துச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"முதல் சண்டை பின்னேரம் நாலு மணிக்கு. போன்ல காட்டுறனெண்டு நௌபர் சொன்னவன். பாப்பியா?"

"பாக்கிறன்."

அவன் போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இஞ்ச பழைய ஆக்கள் கொஞ்சப்பேர் நிக்கிறாங்கள். அண்டைக்கு நிறை பாத்தவரும் இருக்கிறார். கிழவனாப் போனார். 'நீ மனிசி கெடுத்த ரூபன்தானே' எண்டு கேட்டார். இல்ல, நானே தெரிஞ்சு திண்டு கெட்டனான் எண்டு சொன்னன். எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னன்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நேத்து ஹபரணையில பஸ் நிண்டது. சுதா பாதிதான் சாப்பிட்டாள். மிச்சத்தை நான் சாப்பிட்டன். உப்பில்ல. நௌபர் கேட்டவன். குடுக்கேல்ல."

கோணேஸ்வரி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்தாப்பிறகு... எனக்கும் ஒரு பீங்கான் போடுவியா?"

கேட்டுவிட்டான். பதினைந்து வருடம் கழித்து, இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் நின்றுகொண்டாவது கேட்டுவிட்டான். அவளுக்கு அதில் பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. தலையில் இருந்த கூடையை யாரோ ஒரு கை கொடுத்து இறக்கியது போல இருந்தது, அவ்வளவுதான். கழுத்து இன்னும் நோகத்தான் செய்தது.

"பிள்ளையை முதல் பாருங்கோ," என்றாள். "பிறகு வாங்கோ. போடுறன்."

போனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் புஷ்பவதி.

"நிறை சரியாம், மாமி."

"அது உன்ட முகத்தில தெரிஞ்சது. வேறென்னவாம்?"

"சாப்பிட்டாராம்."

புஷ்பவதி சீலையால் முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் அழுதாள். பிறகு கதிரையின் கையை ஊன்றி எழும்பினாள். கோணேஸ்வரி பிடிக்க வந்தபோது அவளுடைய தோளை அழுத்தி அந்தக் கதிரையிலேயே இருத்தினாள்.

"நீ இரு. நாலு நாளா நீயும் இதைத்தானே திண்டுகொண்டு கிடக்கிறாய். உனக்கென்ன, என்னைப் போலக் கால் வீக்கமா?"

சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனாள். ஒரு பீங்கானை எடுத்துத் துடைத்து, சோறு போட்டாள், மீன் வைத்தாள். மேல்தட்டில் இருந்த உப்புப் போத்தலை இரண்டு கையாலும் இறக்கி, மூன்று விரலால் கொஞ்சம் கிள்ளி எடுத்து மருமகளின் சோற்றில் தூவினாள். கொஞ்சம் வெளியிலும் சிந்தியது. பீங்கானைக் கொண்டுவந்து கோணேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, அவள் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அளவா இருக்கா, பிள்ளை?"

"ஓம், மாமி."